கைநாட்டு வைக்காத ஊர்

பூவன்வலசைக்கு வந்து சேர்ந்த புதிதில் கிருபை டீச்சர் செய்த முதல் காரியம் ஒரு திருட்டு. ரேஷன் கடைப் பலகை மேல் கிடந்த ஸ்டாம்ப் பேடை முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்து, ஊரணிக்கரையில் நின்று ஒரே வீச்சாக வீசிவிட்டார். தண்ணீர் கொஞ்ச நேரம் நீலமாக நின்றது என்று அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வார்கள். அப்போது டீச்சருக்கு இருபத்துநாலு வயது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு சின்ன மிஷன் சங்கம் கையில் ஒரு வேதப்புத்தகத்தையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் கொடுத்து, "ராமநாதபுரம் ஜில்லாவில் கடலை ஒட்டி ஒரு காலனி இருக்கு. பள்ளிக்கூடமும் இல்ல, சபையும் இல்ல. போய் ரெண்டையும் கட்டு" என்று அனுப்பி வைத்திருந்தது.

ரேஷன் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். டீச்சர் அசரவில்லை.

"எம் பள்ளிக்கூடத்துல ஒரு நாள் உக்காந்தவன்கூட இனி விரலை நீட்டக் கூடாது. பேரை எழுதட்டும். கோணலா எழுதினாலும் எழுதட்டும்."

அதுதான் அவர் சட்டம். கிழவர்களைக்கூட விடவில்லை. கருவேல மரம் வெட்டிக் காய்த்துப்போன கைகளைப் பிடித்து மணலில் எழுத வைத்தார். சில வருஷத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் பூவன்வலசையை "கைநாட்டு வைக்காத ஊரு" என்று கேலியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கேலிதான், ஆனாலும் டீச்சர் அதைப் பட்டம்போல வாங்கி வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் வளர்ந்தது. ஓலைக் கொட்டகை ஓட்டுக் கட்டிடம் ஆனது. சேர்க்கைப் பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். பிறகு ரோட்டு மேல் சர்க்கார் பள்ளிக்கூடம் வந்தது, இங்கே பிள்ளை குறைந்தது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பூட்டியாயிற்று. அதில் டீச்சருக்குப் பெரிய துக்கம் இல்லை. பிள்ளைகள் எங்கே படித்தால் என்ன?

சபை? அதைத்தான் கேட்கக் கூடாது. நாற்பத்தாறு வருஷத்தில் ஞானஸ்நானம் வாங்கினவர்கள் பதினொரு பேர். நாலு பேர் செத்துப்போனார்கள். நாலு பேர் பனியன் கம்பெனிக்கென்று திருப்பூர்ப் பக்கம் போனார்கள். இரண்டு பேர், "சாமி கோவிச்சுக்கிருச்சு டீச்சரு, வீட்டுல ஒரே சீக்கு" என்று சொல்லிவிட்டுக் காளியம்மன் கோவிலுக்கே திரும்பிவிட்டார்கள். மிச்சம் ஒருத்தி. அவள் கருத்தம்மாள். கரிமூட்டம் போடுகிறவள். கருவேலங்கட்டையை அடுக்கி, மண்ணைப் பூசி, உள்ளுக்குள் நாலு நாள் வேகவைத்துக் கரியாக்கி மூட்டை கட்டுவதுதான் அவள் வேலை. ஊரில் எல்லாருக்கும் அவள் கருத்தம்மா. கிருபை டீச்சர் ஒருவர் வாயில் மட்டும் ரூத்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வந்துவிடுவாள். தகரம் போட்ட அந்த அறையில் ஆறு பெஞ்சு கிடக்கும். வருகிற ஒரே ஆள், போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவாள்.

"முன்னால வாயேன்ட்டி. நான் என்ன ஊருக்கா பிரசங்கம் பண்ணுதேன்?"

"இருக்கட்டும் டீச்சரு. மேலெல்லாம் கரி. பெஞ்சு பாழாப்போயிரும்."

டீச்சர் வேதம் வாசிப்பார், ஒரு பாட்டுப் பாடுவார், ஜெபிப்பார். ஜெபம் முடிகிற இடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து அடித்தொண்டையில் ஒரு "ஆமென்" வரும். டீச்சர் தன் வாயால் ஆமென் சொல்வதில்லை. அது அவள் பங்கு என்று விட்டுவிடுவார். ஊரையும் உறவையும் விட்டு, கல்யாணத்தையும் வேண்டாமென்று சொல்லி, இந்த உப்புக்காற்றில் வந்து கிடந்ததற்கு, வாரத்துக்கு ஒருமுறை அந்த ஒரு சொல். அது கேட்டுவிட்டால் அவருக்கு ஆறு நாள் ஓடும்.

ஆடி மாசம் காளியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கருத்தம்மாளும் வரிசையில் நின்று ஊற்றுவாள் என்று டீச்சருக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்துகொள்வார். இன்னொன்றும் தெரியும். நூறு நாள் வேலைக்கோ பேங்குக்கோ போய்வந்த வாரத்தில் அவள் இடது கையை மடக்கியே வைத்திருப்பாள்.

"கையக் காட்டு."

"கரி டீச்சரு."

"கரி நீலமாவா இருக்கும்? எழுதத் தெரிஞ்சவ எதுக்குட்டி விரலை வைக்க?"

கருத்தம்மாள் சிரித்து மழுப்பிவிடுவாள். சோம்பேறிக் கழுதை என்று டீச்சரும் விட்டுவிடுவார். அங்கே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கருத்தம்மாளின் ஒரே மகள் கோகிலா. வயிற்றில் இருக்கும்போதே அப்பன் போய்விட்டான். தாய் கரி சுமந்து சுமந்துதான் அவளைக் காலேஜ் வரைக்கும் தள்ளினாள். நாலு வருஷம் விடாமல் எழுதி, இந்த வருஷம்தான் குரூப் ஃபோர் பரீட்சையில் தேறியிருந்தாள். கமுதியிலோ முதுகுளத்தூரிலோ ஓர் ஆபீசில் நாற்காலி போட்டு உட்காரப்போகிற நேரத்தில் ஒரு மொட்டைக் கடுதாசி போய்விட்டது. "கோகிலாவின் தாய் கிறிஸ்தவர். பெயர் ரூத். மிஷன் பள்ளிப் பதிவேட்டைப் பார்க்கவும்" என்று இருந்ததாம். எழுதினது யார் என்று இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை காலையில் தாயும் மகளும் டீச்சர் அறைக்கு வந்தார்கள். கோகிலா உட்காரவில்லை.

"டீச்சரம்மா, அந்த ரிஜிஸ்தர எடுங்க. நா பாக்கணும்."

டீச்சர் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எண்பத்தேழாவது வரிசை. கருத்தம்மாள், இந்து என்று கறுப்பு மையில் எழுதி, இரண்டின் மேலும் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. மேலே சிவப்பிலேயே: ரூத். கிறிஸ்தவம். 3.4.83. திருத்தம் சரி. கீழே டீச்சரின் கையெழுத்து. அன்றைக்கு ஈஸ்டர்.

கோகிலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத எதுக்குப் பள்ளிக்கூட ரிஜிஸ்தர்ல எழுதுனீங்க? சபைக்குன்னு ஒரு நோட்டு இருக்கும்ல?"

"இருந்துச்சு. அதுலயும் எழுதினேன்." டீச்சர் குரல் இறங்கிப்போனது. "சந்தோசத்துல இதுலயும் எழுதிட்டேன், தாயி. மொத ஆளு உங்கம்மைதான். நாலு வருசம் கழிச்சுக் கெடைச்ச மொத ஆளு."

"ஒங்க சந்தோசத்துக்கு எங்க வேலையா கெடச்சுச்சு?"

"ஏய், டீச்சருட்ட என்ன பேச்சு பேசுற!" என்று கருத்தம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு ஆத்தா. நா எஸ்.சி. கோட்டாவுல வந்தவ, டீச்சரம்மா. கிறிஸ்தவம்னு முடிவாயிட்டா பி.சி. அதுக்கு எம் மார்க்கு பத்தாது. அப்பன் இல்ல, வளத்தது ஆத்தா. அதனால ஆத்தா என்ன மதமோ அதத்தான் பாப்பாகன்னு வக்கீல் சொல்லிட்டாரு. சர்ட்டிபிகேட்டே பொய்யின்னு ரத்து பண்ணிருவாகளாம். வர்ற திங்கக்கெழமை விசாரணை. நீங்களும் இந்தப் புஸ்தகத்த எடுத்துக்கிட்டு வரணுமாம்."

வெளியே வத்தல் காயப்போட்டிருந்த களத்திலிருந்து காரம் கலந்த காற்று வந்து மூன்று பேரையும் தும்ம வைத்தது. கருத்தம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"மூட்டம் வெந்துக்கிட்டுத்தான் கெடக்கு டீச்சரு. இந்தப் புஸ்தகத்த உள்ள தள்ளி மண்ணப் பூசிட்டா அந்தச் சாமிக்கே தெரியாது."

"எந்தச் சாமிக்குட்டி?"

கருத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் பதிவேட்டை மகள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். போன வாரம்கூட, இங்கே படித்த கூத்தையா வந்திருந்தார். முதியோர் பென்ஷனுக்குப் பிறந்த தேதி வேண்டுமென்று கேட்டு, இதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டு போனார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இந்த உலகத்தில் பிறந்த தேதி என்று ஒன்று இருக்கிறதென்றால் இதில்தான் இருக்கிறது. பாதிப் பேருக்கு, கை தலையைச் சுற்றி எதிர்க்காதைத் தொடுகிறதா என்று பார்த்து அந்தத் தேதியைக் கொடுத்ததே டீச்சர்தான்.

"எரிக்க மாட்டேன். வேற என்ன செய்யணும் சொல்லு, செய்யுதேன்."

"அப்ப எழுதிக் குடுங்க" என்றாள் கோகிலா. "ஆத்தாளுக்கு ஞானஸ்நானமே குடுக்கலன்னு. இந்தத் திருத்தம் ஒங்க தப்புன்னு."

யோசித்துச் சொல்வதாக டீச்சர் அவர்களை அனுப்பிவிட்டார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மேசையில் வெள்ளைத் தாள் கிடந்தது. டீச்சர் பொய்யே சொல்லாதவர் என்று சொல்லவரவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வந்த நாளில், கருவாடு காயவைக்கப் போன பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னவர்தான். ஆனால் இது அப்படி அல்ல. அவர் கண்முன்னால் அந்த ஊரணி வந்து நின்றது.

பங்குனிக் கடைசி. ஊரணியில் முழங்கால் தண்ணீர்தான். போதகர் சைக்கிளில் வந்திருந்தார். பதினொரு வயசுப் பிள்ளையைத் தண்ணீருக்குள் சாய்த்துத் தூக்கியபோது முதுகெல்லாம் சேறு. அந்தப் பிள்ளைதான் தானாக வந்து கேட்டது. தாய் செத்து ஆறு மாசம் ஆகியிருந்தது. "கருத்தவ, கரிச்சட்டின்னு எல்லாரும் பேரச் சொல்லியே வையிறாக டீச்சரு. வேற பேரு குடுங்க" என்றுதான் கேட்டது. மீட்பும் கேட்கவில்லை, மோட்சமும் கேட்கவில்லை. ஒரு பேர் கேட்டது. சேற்றைக் கழுவிவிடும்போது, "புதுப் பேருக்குப் புதுச் சட்டை உண்டா டீச்சரு?" என்றும் கேட்டது. டீச்சர் சிரித்தபடியே அழுதார். சாயங்காலம் ஈரத்தலையோடு சிலேட்டை மடியில் வைத்து, இரண்டே இரண்டு எழுத்து. ரூ. த். கையைப் பிடித்து எழுத வைத்தார். அதுவரை "அ"கூட ஒழுங்காக வராத கை, அன்றைக்கு ஐம்பது தடவை எழுதியது. நாலு மாசத்தில் அப்பன் வந்து, "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று மூட்டத்து வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த நாளை இல்லை என்று எழுத வேண்டும்.

முதலில், "தகப்பனுக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன்" என்று எழுதினார். வெயில் ஏறி வந்த கோகிலா வாசித்துப் பார்த்தாள்.

"தெரியாமக் குடுத்தேன்னு எழுதினா, குடுத்தேன்னுதான அர்த்தம்? இல்லன்னு எழுதணும் டீச்சரம்மா."

அடுத்த தாளில், "சிறுபிள்ளையாக இருந்தபடியால் அது செல்லாது" என்று எழுதினார். அதையும் கோகிலா திருப்பிக் கொடுத்தாள். திட்டவில்லை. தாளை நீட்டின நடுவிரல் பேனா பிடித்துப் பிடித்துக் காய்த்திருந்தது. நாலு வருஷம் ராப்பகலாகப் படித்த பிள்ளை அல்லவா? அந்தக் காய்ப்பைப் பார்த்ததும்தான் டீச்சர் மூன்றாவது தாளை எடுத்தார். ஏழே வரி. "மேற்படி கருத்தம்மாளுக்கு எக்காலத்திலும் ஞானஸ்நானம் கொடுக்கப்படவில்லை. பதிவேட்டில் உள்ள சிவப்பு மைத் திருத்தம் என்னுடைய தவறு." கீழே, பேனா கிழித்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கருத்தம்மாள் வாசற்படியில் நின்றாள்.

"எழுதிட்டீகளா டீச்சரு?"

"எழுதிட்டேன்."

"இல்லவே இல்லன்னா எழுதிட்டீக?"

"நீயும் ஒம் மவளுந்தானட்டி கேட்டீக."

"ஆமா… நாங்கதான் கேட்டோம்" என்றாள். சொல்லிவிட்டும் போகவில்லை. கதவு நிலையில் இருந்த பழைய சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஏர்வாடியிலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்துத் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். கருத்தம்மாள் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள். கோகிலா பூசிவிட்டது. டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார்.

விசாரணை அதிகாரி உமாமகேஸ்வரி என்ற அம்மாள். நாற்பது வயசு இருக்கும், முகத்தில் கடுகடுப்பு இல்லை. பக்கத்தில் தங்கப்பாண்டி என்ற கிளார்க், ஒரு சின்ன ஸ்டாண்டில் செல்போனைச் செருகி நிமிர்த்தி வைத்தார்.

"எல்லாம் வீடியோல பதிவாகும்மா. இப்ப அதுதான் ரூல்ஸ். பயப்படாமப் பேசுங்க" என்றார் உமாமகேஸ்வரி. டீச்சரின் கடிதத்தை வாசித்தார், பதிவேட்டையும் பார்த்தார். "ஒங்க காலத்துப் பதிவேடு எவ்வளவு சுத்தமா இருக்கு டீச்சர்! சரி, தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டு எழுதியிருக்கீங்க. நல்லது." பிறகு கருத்தம்மாள் பக்கம் திரும்பினார்.

"குலசாமி யாரும்மா?"

"அய்யனாரு."

"வருசா வருசம் கும்பிடுவீங்களா?"

"கெடா வெட்டுவோம்மா. போன வருசம் வெட்டல. கெடா வெலயக் கேட்டதும் எங்க கழுத்த வெட்டுன மாதிரி ஆயிப்போச்சு."

தங்கப்பாண்டி சிரித்துவிட்டார். உமாமகேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. கோகிலாவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

"ஞாயித்துக்கெழமை தவறாம டீச்சர் வீட்டுக்குப் போறதாக் கடுதாசியில இருக்கே?"

"போவேன். அவுக ஒத்தையில கெடக்காக. நா போகலன்னா அவுகளுக்குப் பேச ஒரு நாதி கெடையாது. அதுக்குத்தான் போறது."

அந்தப் பதில் கோகிலா சொல்லிக் கொடுத்தது அல்ல. சொல்லிக் கொடுத்த பதில்களை டீச்சரும் உடன் இருந்து கேட்டிருந்தார். இது புதிது. கருத்தம்மாள் அதைச் சொன்ன விதமும் ஒப்பிப்பதுபோல இல்லை. நாற்பது வருஷமாகத் தன் அறுவடை என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு பாவப்பட்ட பொம்பளையின் இரக்கமா? டீச்சர் மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. நீங்க சொன்னத எழுதியாச்சு" என்றார் உமாமகேஸ்வரி. "எனக்குப் பெரிய சந்தேகம் ஒண்ணும் இல்ல. இதுல ஒரு ரேகை வச்சுட்டுக் கெளம்புங்க."

தங்கப்பாண்டி ஸ்டாம்ப் பேடைத் திறந்து மேசை மேல் நகர்த்தினார். கருத்தம்மாள் இடது பெருவிரலைச் சட்டென்று நீட்டினாள்.

அந்த நீலத்தைப் பார்த்ததும் கிருபை டீச்சருக்கு என்ன ஆயிற்றோ! சபை போயிற்று. வாக்கும் போயிற்று, கடவுளுக்கு முன்னால் இல்லை என்று எழுதியும் கொடுத்தாயிற்று. மிச்சமாக இருந்தது பள்ளிக்கூடத்தின் பேர் ஒன்றுதான். இத்தனை பேர் பார்க்க, தன்னிடம் படித்தவள், தன் கண்ணெதிரே விரலை நீட்டுவதா?

"அம்மா, ஒரு நிமிசம். அவ எழுதுவா. எம் பள்ளிக்கூடத்துல படிச்சவ. எங்க ஊர்ல கைநாட்டு கெடையாது."

உமாமகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடியா? கையெழுத்துன்னா இன்னும் நல்லதாச்சே! படிக்காத பொம்பளைய ஏமாத்தி ரேகை வாங்கிட்டாகன்னு நாளைக்கு ஒருத்தன் மனுப் போட முடியாது. பேனாவக் குடுங்க தங்கப்பாண்டி."

"வேணாம் டீச்சரு" என்றாள் கருத்தம்மாள். "நா வெரலயே வக்கிறேன்."

"என்னட்டி வெக்கம்? எத்தன வருசமாச் சொல்லுதேன். இன்னைக்காவது எழுது."

கருத்தம்மாள் மகளைப் பார்த்தாள். கோகிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதினால் நல்லது என்று அதிகாரியே சொல்கிறாரே என்று அவளும் தலையாட்டினாள். கருத்தம்மாள் மறுபடி டீச்சரைப் பார்த்தாள். பதினொரு வயசில் பார்த்தாளே, அதே பார்வை. பேனாவை வாங்கினாள். அதை முஷ்டிக்குள் இறுகப் பிடித்து, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக எழுதினாள். ஒரு வளைவு, ஒரு சுழி. பக்கத்தில் இன்னோர் எழுத்து. அதன் தலைமேல் அழுத்தி ஒரு புள்ளி.

ரூத்.

எழுதிவிட்டு, சிலேட்டைக் காட்டுகிற பிள்ளைபோல முகத்தை நிமிர்த்தினாள்.

அவள் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இத்தனை வருஷமாக எந்த ஆபீசிலும், எந்தப் பேங்கிலும் அவள் விரலை வைத்தது சோம்பலால் அல்ல. எழுதத் தெரிந்த பேர் எந்த அட்டையிலும் இல்லை. அட்டையில் இருந்த பேரை யாரும் அவளுக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்களிடம் மறைப்பானேன்? அந்த எழுத்தைப் பார்த்த கணத்தில் டீச்சருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒரு மூச்சு நேரம். நாற்பத்திரண்டு வருஷம் கழித்தும் அந்தக் கை மறக்கவில்லையே என்று. அதற்குப் பிறகுதான் கோகிலாவின் முகம் கண்ணில் பட்டது.

தங்கப்பாண்டி செல்போனைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார்.

"நிறுத்திரவா மேடம்?"

"இனிமே நிறுத்தி என்ன தங்கப்பாண்டி?" உமாமகேஸ்வரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நம்பர் போட்ட தாளு. வீடியோவும் சேந்து மேல போகுது. நா மாத்தினா எம் பேருக்கு வரும்."

"மேடம், அது…" டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "அது நான் வச்ச செல்லப் பேரு."

"செல்லப் பேருக்கு எதுக்கு டீச்சர் சிவப்பு மையில திருத்தமும் மதமும்?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "ஒங்க கடிதம் உண்மையில்லன்னு நா எழுத வேண்டியிருக்கும். ஒங்க வயசப் பாத்து, ஒங்க மேல நடவடிக்கைக்கு எழுத மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்று கருத்தம்மாள் கேட்டாள். "தப்பா எழுதிட்டேனா? சுழி ஒழுங்காத்தான போட்டேன்?"

தங்கப்பாண்டி ஸ்டாம்ப் பேடை மூடி எடுத்து வைத்தார்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. கோகிலா வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தாமல், கண்ணீர் விடாமல் கேட்டாள்.

"டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க வச்ச பேர எழுதச் சொல்லிக் குடுத்தீக. எங்க ஆத்தாளுக்கு அவ பேர எழுதச் சொல்லிக் குடுக்கணும்னு ஒங்களுக்கு ஒரு நாளும் தோணலயா? நாப்பது வருசம் வாராவாரம் வந்தாளே."

நாலு மாசத்தில் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று டீச்சர் சொல்லலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன.

நாற்பது நாளில் உத்தரவு வந்தது. சான்றிதழ் ரத்து, தேர்வும் ரத்து. கோகிலா அதை ஒருமுறை வாசித்து மடித்து வைத்தாள். மறுவாரம் மண்டபம் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். விடியுமுன்னே வேன் வரும். பொழுது சாய்ந்து வரும்போது விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கி இருக்கும். படித்த புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடவில்லை. கட்டி, பரணில் ஏற்றி வைத்திருக்கிறாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

தாலுகா ஆபீசுக்குப் போய்வந்த பிறகு கருத்தம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. நாலு வாரம், ஆறு வாரம் பார்த்தார் டீச்சர். பிறகு ஒரு நாள் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மூட்டத்துக்கே போனார். கருவேலங்காட்டுக்கு நடுவில் மண்மேடு புகைந்துகொண்டிருந்தது. கருத்தம்மாள் வெடிப்பு விட்ட இடத்தில் மண்ணைப் பூசிக்கொண்டிருந்தாள். கண்ணும் பல்லும் தவிர வேறு வெள்ளை இல்லை.

டீச்சர் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். கருத்தம்மாள். ஏழு எழுத்து.

"இங்க பாரு. கஷ்டமில்ல. ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. ஒரு வாரத்துல வந்துரும்."

கருத்தம்மாள் நோட்டை வாங்கவில்லை. கை கரி.

"இப்ப எதுக்கு டீச்சரு? எதுல போயி எழுத?"

"எதுலயாவது. ஒனக்காக."

"எனக்கா?" அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "எம் மவ இன்னும் எங்கிட்டப் பேசல டீச்சரு. சோத்தப் போட்டு வச்சா திங்கிறா, போறா. நா எழுதினதுக்கு அவ அனுபவிக்கிறா. இனி இந்தக் கை மம்பட்டியத் தவிர எதையும் தொடாது."

"ரூத்து…"

"அப்பிடிக் கூப்புடாதீக." குரல் உயரவில்லை. "கருத்தம்மான்னும் கூப்புடாதீக. அந்தப் பேரும் வேணாம், இந்தப் பேரும் வேணாம். ஏய்னு கூப்புடுங்க, திரும்பிப் பாக்குறேன். தண்ணி கேட்டா மோந்து தாரேன். அவ்வளவுதான் டீச்சரு. வெயில்ல நிக்காதீக, போங்க."

டீச்சர் திரும்பி நடந்தார். கடல்காற்று புகையைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து, ஆறு பெஞ்சையும் துடைத்தார். கடைசி பெஞ்சில் கரி படிந்து படிந்து, ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குக் கறுத்திருந்தது. அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டார். வேதம் வாசித்தார். பாட்டு எடுக்க வரவில்லை. நின்றபடி கண்ணை மூடி ஜெபித்தார். கோகிலாவுக்காகக் கேட்டார். என்ன கேட்பதென்று தெரியவில்லை, பேரை மட்டும் சொன்னார். கடைசியாக, "எங்கள் பிதாவே" என்று முடித்து நிறுத்தினார்.

அந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவதுதான் வழக்கம். கண்ணைத் திறக்கவில்லை. தகரக் கூரை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. மூடின கண்ணோடு, இன்னும் வராத அந்த ஒரு சொல்லுக்காகக் கிருபை டீச்சர் நின்றுகொண்டே இருந்தார்.